எல்லைக்கு அப்பால் வாங்கும் கார்

1956 நவம்பர் 1-இல் வகுத்த எல்லை, பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழரின் உறவைப் பிரிக்கவில்லை. மோட்டார் வண்டியின் பதிவையோ பிரித்துவிட்டது. களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டத்தில் மகனுக்கோ மருமகனுக்கோ பழைய கார் வாங்கும் நம்மவர்க்கு இஞ்சின் சோதனை மட்டும் போதாது. தமிழகப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும், கடன் நிலுவை இல்லையென்ற சான்றும் கைக்கு வந்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுத்தல் நலம். வண்டி 12 மாதங்களுக்கு மேல் கேரளத்தில் தங்குமாயின் கேரள எண் பெறல் வேண்டும். அதற்குரிய வரியையும் விலையோடு கூட்டிப் பார்ப்போமாக.

பதிவில் பெயருள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, விற்பவர் மாமனேயாயினும் உடனே பெயரை மாற்றிக்கொள்வோம். அஃது அவநம்பிக்கையன்று; அவரைக் காக்கும் கடமை.