நீர்வழியும் ஊர்வழியே

சோழ வளநாட்டில் ‘துறை’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உண்டு. மயிலாடுதுறை, திருவாவடுதுறை, ஆடுதுறை, திருப்பாலைத்துறை என்பன அவற்றுட் சில. துறை என்னும் சொல் மக்கள் நீராட இறங்கும் இடத்தையும் குறிக்கும். ஓடம் ஏறும் இடத்தையும் குறிக்கும். காவிரியும் அதன் கிளையாறுகளும் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும் அந்நாட்டில், பாலங்கள் பெருகுவதற்கு முன்னர், அக்கரையையும் இக்கரையையும் இணைத்து வைத்தவை ஓடங்களே. நெல்மூட்டையுடன் சந்தைக்குச் செல்லும் உழவரும், மணமுடித்துக் கொடுத்த மகளைக் காணச் செல்லும் தாயும், மருத்துவரை நாடிச் செல்லும் நோயாளியும் ஓடக்காரரின் வரவை எதிர்நோக்கிக் கரையில் நின்றனர். ஓடம் அவர்களுக்கு வேடிக்கைப் பொருள் அன்று. அதுவே அவர்களுடைய சாலை.

இக்காலத்தில் ஓடத்தையும் பயணக் கப்பலையும் பற்றிய எண்ணம் பெரிதும் மாறிவிட்டது. விடுமுறை நாட்களில் தீவுகளைக் கண்டு களிக்கச் செல்வோர் பலராயினர். அவர்களுக்குக் கடற்பயணம் ஓர் இன்ப விளையாட்டு. அதனால், ‘பயணிகள் திரளும் காலத்தில் கப்பல் விட்டாற் போதும்; கூட்டம் குறைந்தால் நிறுத்திவிடலாம்’ என்று கருதுவோரும் உளர். இக்கருத்துப் பொருந்தாது. தீவுக்குச் செல்லும் படகு, காண வருவோர்க்கு இன்பம் தருவதாயினும், அத்தீவில் வாழ்வோர்க்கு உயிர்வழி ஆகும். ஆதலின் அதனைக் கேளிக்கையாகக் கொள்ளாது, பாதையாகக் கொண்டு பேணுதலே அறிவுடைமை.

இவ்வுண்மையை உணர்த்தும் கதை ஒன்று தமிழிலேயே உண்டு. சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ஆபுத்திரன் என்பவன் வரலாறு கூறப்படுகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையில் உடையவன் அவன். பசித்தோர்க்கு உணவளிப்பதே அவன் வாழ்வின் நோக்கம். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் வருந்துகின்றனர் என்று கேட்டு, அவர்தம் பசி தீர்க்க அவன் மரக்கலம் ஏறினான். வழியில் காற்று மிகுந்தமையால் கலம் மணிப்பல்லவம் என்னும் தீவில் ஒருநாள் தங்கியது. ஆபுத்திரன் கரையில் இறங்கினான். அவன் மீண்டும் ஏறிவிட்டான் எனக் கருதிய மாலுமிகள் இருள்பொழுதில் கலத்தைச் செலுத்திச் சென்றுவிட்டனர்.

ஆள் நடமாட்டமற்ற தீவில் அவன் தனித்து நின்றான். கையில் அமுதசுரபி இருந்தது. உண்பிப்பதற்கு ஓர் உயிரும் இல்லை. பிறர்க்குப் பயன்படாத பாத்திரத்தைத் தன்னொருவன் வயிற்றுக்காக வைத்திருக்க அவன் மனம் ஒப்பவில்லை. அதனைக் கோமுகி என்னும் பொய்கையில் விடுத்து, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். பின்னர் அப்பாத்திரத்தை மணிமேகலை பெற்றாள். அவள் அதனை ஏந்திக் கடல் கடந்து, காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரத்தை அடைந்த பின்னரே, பசித்தோர் கைகளுக்கு அதன் சோறு எட்டியது. செல்வம் எத்துணைப் பெரிதாயினும், அது பிறரைச் சென்றடைய வழி வேண்டும். கலம் இல்லாத தீவில் அமுதசுரபியும் வெறும் ஓடே அன்றோ!

மணிப்பல்லவம் என்பது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள நயினாதீவே என்று அறிஞர் சிலர் கருதுவர். யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளுள் வேலணை, புங்குடுதீவு போன்றவை தாம்போதிகளால் பெருநிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றிற்குப் படகே வழி. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவை விரைவில் அடையலாம். நெடுந்தீவை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன. இருசமயத்தாரும் அங்கு வழிபடச் செல்கின்றனர். நெடுந்தீவில் பவளப்பாறைக் கற்களை அடுக்கிய வேலிகளையும், திரிந்து மேயும் குதிரைகளையும், பழைய கோட்டையின் இடிபாடுகளையும் காணலாம். இவற்றைக் காணச் செல்வோர் மாலைப்படகில் திரும்பிவிடுவர். ஆனால் அதே படகில்தான் அரிசியும் மருந்தும் தீவுக்குச் செல்கின்றன. ஆசிரியர் பள்ளிக்கு வருவதும், பிணியாளர் பெரிய மருத்துவமனைக்குப் போவதும் அதிலேதான். ஒருநாள் படகு ஓடாவிடில் காண வந்தவர்க்கு ஏமாற்றம் மட்டுமே. அங்கு வாழ்பவர்க்கோ அன்றைய அலுவல் யாவும் தடைப்படும்.

தீவு என்றால் கடலின் நடுவில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கொள்ளிடம் பெருகும்போது தஞ்சைச் சமவெளியிலும் புதிய தீவுகள் தோன்றுகின்றன. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவ்வாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள நாதல்படுகை, முதலைமேடு திட்டு முதலிய ஊர்களை நீர் சூழ்ந்தது. நேற்றுவரை மிதிவண்டி சென்ற தெருவில் படகு சென்றது. மக்கள் படகுகளில் ஏறியே கரை சேர்ந்தனர். படகின் அருமை தீவாரை அன்றி மற்றையோர்க்கு வேண்டுவதில்லை என்று எண்ணுவது எத்துணைப் பிழை என்பதை அவ்வெள்ளம் காட்டிச் சென்றது.

அண்டை நாடுகளுக்கு இடையே செல்லும் கப்பலுக்கும் இது பொருந்தும். 1914ஆம் ஆண்டு முதல், சென்னையிலிருந்து புகைவண்டியில் தனுஷ்கோடிக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் புகைவண்டியில் கொழும்பு செல்லும் வழி இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பற் போக்குவரத்தும் இலங்கையின் உள்நாட்டுப் போரினால் நின்றது. அதன்பின் ஒரு தலைமுறை முழுதும், கூப்பிடு தொலைவில் இருந்த உறவினர், எட்டாத தொலைவினர் ஆயினர்.

நீண்ட இடைவெளிக்குப் பின்னர், நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் பயணக் கப்பல் தொடங்கப்பட்டது. இடைத்தொலைவு ஏறத்தாழ 60 கடல்மைல். செல்லும் நேரம் நான்கு மணி அளவு. ஆனால் தொடங்கிய சின்னாட்களிலேயே, வடகிழக்குப் பருவக்காற்றை முன்னிட்டு அது நிறுத்தப்பட்டது. மீண்டும் கப்பல் புறப்பட்டது 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாளில். இடையே பத்துத் திங்கள் கழிந்தன. கடல் கொந்தளிக்கும்போது கப்பலை நிறுத்துவது கடமையே. உயிரினும் பயணம் பெரிதன்று. ஆயினும் காற்று அடங்கிய பின் கப்பல் எந்நாளில் புறப்படும் என்பது மக்களுக்கு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். என்று திறக்கும், என்று அடைக்கும் என்று அறியப்படாத பாதையை நம்பி எவரும் தம் வாழ்வை அமைத்துக்கொள்ளார்.

‘பயணிகள் குறைந்த நாளில் கப்பல் விடுவது பொருளிழப்பு அன்றோ?’ என்று வினவுவோர் உண்டு. வினா நேர்மையானதே. எண்ணெய்க்கும் ஊழியர்க்கும் செலவு குறைவதில்லை. எனினும், நள்ளிரவில் நடப்பார் சிலரே என்பதற்காக ஊர்ச்சாலையை எவரும் மூடுவதில்லை. கிரேக்க நாட்டுத் தீவுகளில் கோடையில் உலகின் பல பகுதியினரும் வந்து குவிவர். குளிர்காலத்தில் தீவார் மட்டுமே எஞ்சுவர். வருவாய் இல்லாத அவ்வழிகளிலும் கப்பல் ஓடும்பொருட்டு அந்நாட்டரசு பொருளுதவி செய்கிறது. நார்வே நாட்டில் கடற்கழிகளைக் கடக்கும் படகுகள் நெடுஞ்சாலையின் பகுதிகளாகவே எண்ணப்படுகின்றன. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குச் செல்லும் கப்பல்களில், அதே தொலைவைச் சாலையில் கடக்க ஆகும் செலவை அளவாகக் கொண்டு கட்டணம் வகுத்தனர். இந்நாட்டார் கண்ட உண்மை ஒன்றே: கடலும் சாலைக்கு இடையே வந்த ஒரு நீர்ப்பரப்பு, அதனைக் கடப்பிப்பது பொதுக்கடன்.

இதனால் சுற்றுலாப் பயணிகளை வேண்டா என்று தடுத்தல் கருத்தன்று. அவர்கள் தரும் கட்டணம் படகு ஓடத் துணையாகிறது. அவர்கள் வாங்கும் பனங்கட்டியும் கருவாடும் தீவாரின் அடுப்பை எரிக்கின்றன. ஆனால் விருந்தினர் வீட்டாரின் பாயைப் பறித்துக்கொள்ளல் ஆகாது. படகில் இடம் குறுகிய வேளையில் நோயாளிக்கும் முதியோர்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதலிடம் தருதல் வேண்டும். அளவுக்கு மீறி ஏறுதல் கூடாது. உயிர்காப்பு உடையை அணிய மறுத்தல் கூடாது. உண்டு எஞ்சிய நெகிழிப் பைகளைக் கடலில் எறிதல் கூடாது. படகோட்டி ‘இன்று கடல் ஏற்றதன்று’ என்று கூறின், அவரோடு வழக்காடாது காத்திருத்தல் வேண்டும். அலையின் குறிப்பை அறிந்தவர் அவரே.

பிறந்த ஊரை விட்டு வெளியே செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருநாள் ஏதேனும் ஒரு துறையில் படகுக்காக நிற்பர். அன்று, தம் அருகே நிற்கும் தீவாரையும் அவர் கையில் உள்ள மருந்துப் பையையும் நோக்குதல் வேண்டும். தமக்கு ஒருநாள் இன்பமாகிய அப்பயணம், அவருக்கு நாள்தோறும் நடக்கும் பாதை என்பதை உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு உடைய மக்களும், அதனை மதிக்கும் அரசும் அமையுமாயின், எந்தத் தீவிலும் ஓர் ஆபுத்திரன் தனித்து நிற்க நேராது.