உயிரில்லாத குளத்துக்கும் ஆய்வு வேண்டும்

கொதிக்கும் ஊற்றில் நுண்ணுயிர் கிடைத்தது என்று செய்தி வந்தால் போதும், 'அப்படியானால் செவ்வாயிலும் உயிர் இருக்கும்' என்ற முடிவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஓரிடத்தில் உயிர் பிழைத்திருப்பது வேறு, அங்கேயே புதிதாகத் தோன்றுவது வேறு. பாலைமணலில் வாழும் நுண்ணுயிர்களின் மூதாதைகள் வளமான இடங்களிலிருந்து குடியேறியிருக்கலாம். செவ்வாய்க்கு அப்படி ஓர் அண்டை வீடு இல்லை. கடும் சூழல்களை ஆராய்வதன் முதல் பயன், நம் கருவிகளும் கண்களும் எங்கே ஏமாறும் என்று தெரிந்துகொள்வதுதான்.

1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் கரிமப் பொருளைத் தேடி மண்ணைச் சூடாக்கிப் பார்த்தன. குளோரோமீத்தேன் போன்ற ஓரிரு கரிம வாயுக்கள் மட்டுமே வந்தன. பூமியில் கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. மெக்சிகோவின் ரஃபேல் நவாரோ-கொன்சாலஸ் குழு அந்த உப்பைச் சிலி நாட்டு அட்டகாமா பாலைவன மண்ணில் கலந்து சூடாக்கியது. மண்ணிலிருந்த கரிமப் பொருள் எரிந்து, அதே குளோரின் கொண்ட வாயுக்கள் வெளிவந்தன. தேடிய பொருளைத் தேடும் முறையே எரித்திருக்கக்கூடும்! இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் எழவே ஒரு பாலைவனம் தேவைப்பட்டது.

எத்தியோப்பியாவின் டல்லோல் எதிர்த்திசையில் எச்சரிக்கிறது. பச்சையும் மஞ்சளுமாகக் கிடக்கும் அங்குள்ள குளங்களில் நீர் உண்டு. அமிலமும் உப்பும் உச்சத்தில். உள்ளே உயிர் இல்லை என்று 2019இல் ஒரு குழு அறிவித்தது. செல் போலத் தெரிந்த சில உருண்டைகள் வெறும் சிலிக்கா. அதே ஆண்டு இன்னொரு குழு, அப்பகுதியில் மிகச்சிறு உயிரிகள் உண்டு என்றது. மாதிரியை ஆய்வகத்துக்கே கொண்டுவர முடிகிற பூமியிலேயே இவ்வளவு வழக்கு.

வேற்றுக்கோள் உயிர் நம்முடையதைப் போல இருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம்தான். ஆனால் நம்மை ஏமாற்றுபவை உப்பும் சிலிக்காவும். அவற்றின் வேதியியல் இங்கும் அங்கும் ஒன்றே. பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024இல் துளைத்தெடுத்த செவ்வாய்ப் பாறையின் புள்ளிகளில் உள்ளவை போன்ற இரும்புக் கனிமங்களைப் பூமியில் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரில்லாமலும் அவை உண்டாகும். எது என்று தீர்ப்புச் சொல்ல, உயிரில்லாத வேதிவினை எதையெல்லாம் செய்யும் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். உயிர் கிடைக்காத இடங்களின் ஆய்வுக்கும் நிதி ஒதுக்க வேண்டியது அதனால்தான்.