வயக்காட்டு யூரியாவை வண்டிக்கு ஊத்தலாமா?

எங்க தஞ்சாவூர் பக்கம் புது டீசல் கார் வாங்கின சொந்தக்காரங்க அத்தனை பேரும் கேக்கற கேள்வி இது. "ஏம்ப்பா, டெஃப்ன்னு ஒண்ணு ஊத்தறாங்களே, அது வெறும் யூரியாத் தண்ணிதானாமே? தாளடிக்குப் போட்டது போக அரை மூட்டை கெடக்கு. கரைச்சு ஊத்திட வேண்டியதுதானே?" டெல்டாக்காரன் மூளை வேற எப்படி யோசிக்கும்? :-)

கேள்வியில தப்பில்லை. ரெண்டுமே யூரியாதான். 2020 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 6 வந்தது. 2023 ஏப்ரல்ல இருந்து, நிஜமா ரோட்ல ஓடும்போது வர்ற புகைக்கும் கணக்குக் கேக்க ஆரம்பிச்சாங்க. அதனால பல டீசல் கார்கள்ல டெஃப் டேங்க் வந்துடுச்சு. 32.5 சதவீத யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி. சூடான புகையில இதைப் பீய்ச்சினா அமோனியா ஆகும். அந்த அமோனியா, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாவும் தண்ணியாவும் மாத்திடும். தண்ணி நிக்கற வயல்ல யூரியா தெளிச்சா கொஞ்சம் அமோனியாவா ஆவியாகி நமக்கு நஷ்டம். இங்க அந்த அமோனியாதான் ஹீரோ.

அப்புறம் ஏன் கூடாது? 2015ல இருந்து நம்ம ஊர் உர யூரியா எல்லாத்துக்கும் வேப்பெண்ணெய் பூசறாங்க. தழைச்சத்து சீக்கிரம் வீணாகாம இருக்கறதுக்கும், மானிய மூட்டை வேற தொழிலுக்குக் கடத்தப்படாம இருக்கறதுக்கும்தான். பயிருக்கு நல்லது, வண்டிக்கு வெஷம். எண்ணெய், பையூரெட், நம்ம போர் தண்ணியில இருக்கற உப்பு எல்லாம் போய் ஊசித்துளையையும் கேட்டலிஸ்டையும் அடைச்சிடும். 45 கிலோ மூட்டை 300 ரூபாய்க்குள்ள கிடைக்குதுன்னு ஆசைப்பட்டா, மாத்தற பார்ட்ஸ் விலையில ஒரு போகமே போயிடும். தவிர, மானிய யூரியாவை விவசாயம் தவிர வேற எதுக்குப் பயன்படுத்தினாலும் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம்.

அப்ப வீட்ல நாம என்னதான் செய்யறது? சுலபம்தான் சாமிகளா. சீல் பிரிக்காத டெஃப் வாங்குங்க, வெயில் படாம வைங்க. தப்பித் தவறியும் டீசல் டேங்க்ல ஊத்திடாதீங்க. மேல சிந்தினா தண்ணி விட்டுக் கழுவுங்க, இல்லன்னா வெள்ளையா உப்பு பூத்துடும். கரிப்புகையைப் பிடிக்கற டிபிஎஃப் வடிகட்டிக்கு மருந்தே நல்ல ஓட்டம்தான். தினமும் கடைத்தெருவுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டினா கரி அடைச்சுக்கும். அப்பப்ப திருச்சி நாலுவழிச் சாலையில ஒரே சீரா ஒரு இருபது நிமிஷம் விடுங்க. உள்ள சுமார் 600 டிகிரி சூடாகி கரி தானா எரிஞ்சிடும்.

அந்த சூடுதான் நமக்கு இன்னொரு வம்பு. சம்பா அறுப்பு முடிஞ்சு, உளுந்தும் பயறும் ரோட்ல காயற நேரத்துல அதுமேல ஏறிப் போகாம இருக்க முடியாது. தாண்டினதும் ஓரமா நிறுத்தி அடியில குனிஞ்சு பாருங்க. சுத்தின கொடியையும் வைக்கோலையும் எஞ்சின் ஆறினப்புறம் குச்சியால எடுங்க. வைக்கோல் மேல வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீங்க. பெட்ரோல் கார்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கு, அதுக்கும் இதே கதைதான்.

இப்ப என் கடுப்புக்கு வர்றேன். "இதெல்லாம் தொல்லை சார், கழட்டிப் போட்டுட்டு சாஃப்ட்வேரை மாத்திடலாம்"னு சொல்ற புத்திசாலிங்க இருக்காங்க. கேட்டா, "புகை சர்டிபிகேட் பாஸ் ஆகுதே"ங்கறாங்க. ஆகும்தான். அங்க டீசல் வண்டிக்குப் பாக்கறது புகை எவ்வளவு கருப்புன்னு மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்கும் தெரியாது, அந்த மிஷினுக்கும் தெரியாது.

நுரையீரலுக்குத் தெரியும். ரோட்டோர வயல்ல நாள் பூரா குனிஞ்சு நடவு நடற பொம்பளைங்களுக்குக் கார் கிடையாது. நாம கழட்டிப் போட்ட பார்ட்டுக்கான வேலையை அவங்க நெஞ்சுதான் செய்யணும். பத்து லட்சத்துக்கு மேல குடுத்து வண்டி வாங்கினவன் ஒரு கேன் டெஃப்ல மிச்சம் பிடிச்சு அவங்க தலையில கட்டறதுக்குப் பேர் சிக்கனம் இல்லை.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. எச்சரிக்கை லைட் விடாம எரிஞ்சா இந்தப் பதிவைப் படிக்காம ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க :-)