பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா? ரத்தப் புற்றுநோய்க்கு வேலூர் வரை வந்துவிட்ட ‘கார்-டி செல்’ சிகிச்சை காசிமேட்டுக்கு எட்டுமா?

மழைக்காலம் வந்துவிட்டால் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் காய்ச்சல் கேஸ்கள் கூடும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?” குறைந்திருந்தால், “அப்ப டெங்குதான்” என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிளேட்லெட் குறைவதற்கு டெங்கு மட்டுமே காரணம் இல்லை. ரத்தப் புற்றுநோயிலும் இதே அறிகுறி வரும். அந்த நோய்க்கு இப்போது உடலின் நோய் எதிர்ப்பு செல்லையே மாற்றியமைத்துக் கொடுக்கும் புதிய சிகிச்சை இந்தியாவில் கிடைக்கிறது. அது என்ன, யாருக்குக் கிடைக்கும், செலவு எவ்வளவு?

டெங்குவா, ரத்தப் புற்றுநோயா: எப்படித் தெரியும்?

டெங்குவில் பிளேட்லெட் சில நாட்கள் இறங்கும், பிறகு தானாகவே ஏறிவிடும். ரத்தப் புற்றுநோயில் அப்படி ஏறாது. ஹீமோகுளோபினும் சேர்ந்து குறையும். வெள்ளை அணுக்கள் ஒன்று மிக அதிகமாக இருக்கும், இல்லையென்றால் மிகக் குறைவாக இருக்கும்.

இரண்டு வாரமாகியும் விடாத காய்ச்சல், முகம் வெளிறிப்போவது, அடிபடாமலேயே உடம்பில் நீலத் திட்டுகள், ஈறில் ரத்தம், குழந்தை ‘கால் வலிக்குது’ என்று நடக்க மறுப்பது, கழுத்தில் கட்டி. இவை இருந்தால் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ‘ஸ்மியர்’ பரிசோதனையும் தேவை. வளர்ச்சியடையாத வெள்ளை அணுக்கள் அதில் தெரிந்தால், அடுத்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை.

இன்னொரு எச்சரிக்கை: காய்ச்சல் விடவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கக்கூடாது. ரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளில் ஸ்டீராய்டும் ஒன்று. முன்கூட்டியே கொடுத்தால் நோய் தற்காலிகமாக அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

வைரஸ் காய்ச்சல்தான் முற்றி ரத்தப் புற்றுநோயாக மாறுகிறதா? இல்லை. டெங்கு ரத்தப் புற்றுநோயாக மாறாது.

கார்-டி செல் சிகிச்சை என்றால் என்ன?

நம் ரத்தத்தில் ‘டி செல்’ என்ற வெள்ளை அணு இருக்கிறது. வைரஸ் புகுந்த செல்லைத் தேடிப்பிடித்து அழிப்பது இதன் முக்கிய வேலை. ஆனால் புற்றுநோய் செல் வெளியிலிருந்து வந்தது இல்லை, நம் உடம்பு செல்லே கெட்டுப்போனது. அதனால் டி செல் பல நேரங்களில் அதை அடையாளம் காணாமல் விட்டுவிடுகிறது.

இந்த சிகிச்சையில் நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து எடுப்பார்கள். ஆய்வகத்தில் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துவார்கள். அதைச் சுமந்து செல்வதும் ஒரு வைரஸ்தான். ஹெச்.ஐ.வி. குடும்பத்து வைரஸிலிருந்து நோய் உண்டாக்கும், பெருகும் பகுதிகளை எல்லாம் நீக்கிவிட்டு, வெறும் வாகனமாக மட்டும் பயன்படுத்துகிறார்கள். இதனால் எய்ட்ஸ் வராது.

புதிய மரபணு வந்ததும் டி செல்லின் மேற்பரப்பில் ஒரு ‘கொக்கி’ முளைக்கும். ‘பி செல்’ வகை ரத்தப் புற்றுநோய் செல்கள்மீது சிடி19 என்ற புரதம் இருக்கும். அந்தக் கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும், டி செல் அந்த செல்லை அழித்துவிடும். இப்படி மாற்றிய செல்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, நோயாளிக்கே திரும்ப ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஒரே முறைதான்.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

2012-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமிக்கு இந்த சிகிச்சை தரப்பட்டது. உலகிலேயே இதைப் பெற்ற முதல் குழந்தை அவர்தான். கீமோதெரபிக்குப் பிறகும் இரண்டு முறை நோய் திரும்பி வந்திருந்தது. அவர் குணமடைந்தார். 2017-ல் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தபோது மருந்தின் விலை மட்டும் 4,75,000 டாலர். இன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய்.

இந்தியாவில் ஐ.ஐ.டி. பாம்பே ஆய்வகத்தில் உருவாகி, டாடா நினைவு மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்ட ‘நெக்ஸ்கார்19’ 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. 2024 ஏப்ரல் 4-ம் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதைத் தொடங்கிவைத்தார். அறிமுகமானபோது விலை சுமார் 40 லட்சம் ரூபாய். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு.

2025-ல் தமிழ்நாட்டிலிருந்தே இன்னொரு செய்தி வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஐ.சி.எம்.ஆர். ஆதரவோடு, செல்களைத் தன் வளாகத்துக்குள்ளேயே தயாரித்துக் கொடுத்த ‘வெல்கார்ட்’ ஆய்வின் முடிவுகள் அவை. வெளியூர் தொழிற்சாலைக்கு உறையவைத்து அனுப்பாமல், சுமார் 9 நாட்களில் செல்கள் தயாராகிவிட்டன. சிகிச்சை பெற்ற 10 பேரில் 8 பேருக்கு 15 மாதங்களுக்குப் பிறகும் நோய் இல்லை. பத்தே பேரிடம் நடந்த சிறிய ஆய்வு என்பதை மறந்துவிடக்கூடாது. ஆனால், மருத்துவமனைக்குள்ளேயே செல்களைத் தயாரிக்க முடியும், செலவைக் குறைக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

செல் ஏற்றியதும் குணமாகிவிடுமா?

ஏற்றிய சில நாட்களில் கடுமையான காய்ச்சல் வரும். டி செல்கள் புற்றுநோயோடு மோதும்போது வெளியிடும் ரசாயனங்களால் வருவது இது. சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி ஐ.சி.யூ. வரை போகும். எமிலிக்கும் உயிர் போகும் நிலை வந்தது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ‘டோசிலிசுமாப்’ என்ற மருந்துதான் அவரைக் காப்பாற்றியது. இன்றும் அந்த மருந்துதான் கைகொடுக்கிறது.

அடுத்த ஆபத்து, தொற்று. சிடி19 புரதம் நல்ல பி செல்களிலும் உண்டு. வலையில் வேண்டிய மீனோடு வேண்டாததும் சேர்ந்து சிக்குவதுபோல, நல்ல செல்களும் அழிந்துவிடும். வைரஸ், பாக்டீரியாவை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாவது பி செல்களால்தான். அதனால் மாதக்கணக்கில் சாதாரண சளிக்காய்ச்சல்கூட ஆபத்தாகலாம். வீடு திரும்பியபின் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. நெக்ஸ்கார்19 ஆய்வில் பலன் கிடைத்தது 73 சதவீதம் பேருக்கு. சிலருக்கு நோய் திரும்பி வருகிறது. மிக அரிதாகப் புதிய டி செல் புற்றுநோய் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் எச்சரித்தது.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

‘ரத்தப் புற்றுநோய்’ என்பது ஒரே நோய் இல்லை. நெக்ஸ்கார்19 போன்ற சிடி19 சிகிச்சை, பி செல் வகையில் மட்டுமே வேலை செய்யும். அதிலும், வழக்கமான சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கும் நோய் திரும்பி வந்தவர்களுக்கும்தான். நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் கிடைத்த ஒப்புதல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே. சி.எம்.எல். என்ற வகைக்கு இமாட்டினிப் மாத்திரையே போதும் என்ற நிலை வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது ஏ.எல்.எல். என்ற வகை. வளர்ந்த நாடுகளில் இந்த நோய் வந்த 10 குழந்தைகளில் சுமார் 9 பேர் வழக்கமான கீமோதெரபியிலேயே பிழைத்துக்கொள்கிறார்கள்.

5 லட்சம் கார்டு, 40 லட்சம் மருந்து

சென்ட்ரலில் ரயில் ஏறினால் காட்பாடி சுமார் இரண்டு மணி நேரம். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, பணம்தான் பிரச்சினை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 40 லட்சத்துக்கு முன்னால் அது எட்டில் ஒரு பங்குதான். ஐ.சி.யூ., தொற்றுக்கான மருந்து, மருத்துவமனை பக்கத்திலேயே வாரக்கணக்கில் தங்கும் வாடகை எல்லாம் தனி. துணைக்கு ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றால், படகில் போகிறவருக்கோ மீன் விற்கும் அம்மாவுக்கோ அத்தனை நாள் வருமானமும் போச்சு.

அரசு மருத்துவமனைகளிலேயே செல்களைத் தயாரிக்கும் வசதி வந்தால்தான் இந்த இடைவெளி குறையும். வேலூர் ஆய்வின் உண்மையான முக்கியத்துவம் இதுதான்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

புதிய சிகிச்சை கைக்கு எட்டும்வரை, அது தேவைப்படும் நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய விஷயம். ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நடக்கும். முதல் சில மாதங்களிலேயே காய்ச்சல் போய், முடியும் வளர்ந்துவிடும். ‘புள்ள நல்லாத்தான் இருக்கு, இனி எதுக்கு மாத்திரை’ என்று பாதியில் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. மீன்பிடித் தடைக்காலம் போன்ற வருமானம் இல்லாத மாதங்களில் மருத்துவமனைக்குப் போய்வரும் பஸ் காசுகூட பாரம்தான். ஆனால் அப்படி நிறுத்தும்போது, மறைந்திருக்கும் செல்கள் மீண்டும் பெருகும். நோய் இரண்டாவது முறை வந்தால் குணப்படுத்துவது கடினம். 40 லட்சம் ரூபாய் கேள்வி எழுவதே அப்போதுதான்.

வட சென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, புற்றுநோய்க்கு அடையாறு புற்றுநோய் நிறுவனம். காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டினாலோ, பிளேட்லெட் ஏறாமல் நின்றாலோ டாக்டரிடம் கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்விதான்: “ஸ்மியர் பார்த்தாச்சா?”