எச்சரிக்கை கடைசி லயம் வரை வர வேண்டும்
கெடா தோட்ட, நகர மக்களின் கோரிக்கைச் சாசனம்

கெடா மாநில அரசுக்கும், தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மாவுக்கும், சுகாதார அமைச்சுக்கும், தோட்ட நிர்வாகங்களுக்கும்:

2004 டிசம்பர் 26, காலை 8.58. சுமத்ரா கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. கெடாக் கரையை அலை தொட்டதோ நண்பகலுக்குப் பிறகு. இடையில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் இருந்தும், கோத்தா கோலா மூடா மக்களை யாரும் எச்சரிக்கவில்லை. நாட்டில் 68 உயிர்கள் போயின.

அதன் பிறகு வானிலைத் துறையான மெட்மலேசியா சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்தது. கரையோரம் சைரன்கள் வந்தன. அதை வரவேற்கிறோம். ஆனால் ஆபத்து கரையோடு நிற்பதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் நேர்ந்த 8.6 அளவு நிலநடுக்கத்தின் அதிர்வு இங்கும் உணரப்பட்டது. 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் மலையில் பெய்த கனமழை, மரமும் பாறையும் சேர்ந்த வெள்ளமாக யான் பகுதியில் இறங்கியது. கடலானாலும் மலையானாலும், தகவல் நேரத்தோடு வந்தால்தான் உயிர் தப்பும். ஆகவே கோருகிறோம்:

1. எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் ஒலிபெருக்கி அறிவிப்பும் மலாயுடன் தமிழ், சீனம், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் மொழிகள் ஆகியவற்றிலும் வர வேண்டும். மின்னல் எப்.எம். வானொலியும் உடனே அறிவிக்க வேண்டும்.

2. ஒவ்வொரு தோட்டத்திலும் தகவல் பெறும் பொறுப்பாளர் ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்ததும் வேலையை நிறுத்த வேண்டும். அந்நாள் சம்பளத்தில் பிடித்தம் கூடாது.

3. காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். வெளியேறும் வழியைப் பலகையில் வரைந்து வைக்க வேண்டும்.

4. தொழிலாளர்களின் பழைய லய வீடுகள், பள்ளிகள், கிளினிக்குகள், அடுக்குமாடிகள் ஆகியவற்றின் உறுதியைப் பொறியாளர்கள் சோதித்து, முடிவை அங்கு வாழ்பவர்களிடம் சொல்ல வேண்டும்.

5. இன்சுலின் போடுவோர், டயாலிசிஸ் செய்வோர், கர்ப்பிணிகள், படுத்த படுக்கையானோர் பட்டியல் கிளினிக்கில் தயாராக இருக்க வேண்டும். அவர்களை ஏற்றிச் செல்ல வண்டியும் மருந்தும் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும்.

6. நிவாரண மையம் திறந்த முதல் நாளே குடிநீர், கழிப்பறை, எலிக்காய்ச்சல், டெங்கித் தடுப்பு, தமிழில் மனநல ஆலோசனை ஆகியவை கிடைக்க வேண்டும்.

7. சைரன் சோதனை முடிவுகளை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இவற்றில் எவை, எப்போது, யார் பொறுப்பில் நிறைவேறும் என்று 90 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தாருங்கள். சுங்கைப்பட்டாணி, பெடோங், கூலிம், பாடாங் செராய் என ஊர் ஊராகக் கூடி, அந்தப் பதிலை மக்கள் முன் வாசித்து, நடந்ததையும் நடக்காததையும் கணக்கெடுப்போம்.