கல்லறையில் கண்ட நெல்

நீடாமங்கலத்தில் ஒரு பையனுக்குக் கல்லெறிய ஆசை வந்தால் ரயில் பாதையைத்தான் தேடிப் போக வேண்டும். காவேரி கொணர்ந்த வண்டலில் கூழாங்கல் கூட அபூர்வம். ஆகவே, ஆதிகாலத்தில் இறந்தவர்களுக்குக் கல்லால் வீடு கட்டினார்கள் என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் நம்மைச் சந்தேகத்துடனேயே பார்க்கிறார்கள்.

அவ்வீடுகளைக் காண மேற்கே போக வேண்டும். பழனிக்கு அருகே, மலையடிவாரத்தில், பொருந்தல் என்று ஒரு கிராமம். பலகைக் கற்களை நிலத்துக்குள் பெட்டி போல் நிறுத்தி, மேலே கற்களைக் குவித்து, சுற்றிலும் வட்டமாகக் கல் பதித்திருக்கிறார்கள். இத்தகையவற்றை ஜனங்கள் பாண்டவர் குழி என்பதுண்டு. வனவாசத்தில் இத்தனை குழி தோண்டப் பாண்டவர்களுக்கு அவகாசம் ஏதோ!

2009, 2010-ஆம் ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே அகழ்ந்தார்கள். மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. தமிழ் எழுத்துப் பொறித்த மண்தாங்கியும் கிடைத்தது. நான்கு கால் ஜாடி ஒன்றிலோ ஏறக்குறைய இரண்டு கிலோ நெல்! அமெரிக்க ஆய்வுசாலையில் சோதித்ததில் அதன் காலம் கி.மு. 490 என்று தெரிந்தது. அதைக் கொண்டு எழுத்தின் வயதையும் முடிவு கட்டலாமா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. வழக்கை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நம் மனம் நெல்லிலேயே நிற்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றிலிருந்த உமிக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்திருப்பதாக 2021-இல் அறிவித்தார்கள்.

மணிகளைப் புதைத்தது செல்வச் செருக்கு எனலாம். நெல் அப்படியன்று, உயிரோடிருப்பவர் வாய்க்குரியதை எடுத்து வைத்தது. வாய்க்கரிசி இடும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் இதே போன்ற ஈமமேடுகள் இருக்கின்றன. 1882-லேயே சட்டம் இயற்றி, வெஸ்ட் கென்னெட் என்ற இடத்து நெடுமேடு முதலியவற்றைக் காப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. ஆயினும் பட்டியலில் ஏறாத கல்வட்டங்கள் எத்தனையோ வேலிக்கும் ஜல்லிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. புதையல் தேடுவோரும் விட்டுவைப்பதில்லை. அவர்கள் கடப்பாரைக்கு ஜாடி உடைந்தால், பொன் இல்லையே என்று சலித்து நகர்ந்துவிடுவார்கள். உள்ளே இருந்த நெல் முதல் மழையிலேயே மண்ணோடு மண்ணாகிவிடும்.