சந்தைக் கடையும் அனுமதிப் பத்திரமும் திருநருக்கும் உரியவை: கற்பிட்டிப் பிரதேச சபையிடம் எங்கள் கோரிக்கை

திருநங்கைகளையும் திருநம்பிகளையும் பாரபட்சத்திலிருந்து பாதுகாக்கும் விதியொன்றைக் கற்பிட்டிப் பிரதேச சபை இயற்ற வேண்டும் என்பதே எத்தாளையில் இயங்கும் எங்கள் சிறிய அமைப்பின் நிலைப்பாடு. சபையின் சந்தை, கடைத்தொகுதி, நூலகம், பொதுக் கழிப்பறை, வேலை, ஒப்பந்தம் எதிலும் ஒருவரை அவர் திருநர் என்பதற்காக விலக்கக் கூடாது. சபையின் அனுமதிப் பத்திரம் பெற்று வியாபாரம் செய்பவருக்கும் இதே கடப்பாடு இருக்க வேண்டும்.

நாடு முழுமைக்குமான சட்டத்தைக் கொழும்பில் கேட்காமல் பிரதேச சபையின் கதவை ஏன் தட்டுகிறீர்கள் என்று எங்கள் உறுப்பினர்களே கேட்டார்கள். கொழும்பிடமும் கேட்கிறோம். ஆனால் அங்கே இருப்பது எது, இல்லாதது எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தின் முன் எல்லா ஆட்களும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. அதன் பாதுகாப்பு பால்நிலை அடையாளத்தையும் உள்ளடக்கும் என்று 2014இல் ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் முன் இலங்கை அரசே கூறியது. 2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் வெளியிட்ட சுற்றுநிருபங்களின்படி, உளநல மருத்துவரின் மதிப்பீட்டுக்குப் பின் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் திருத்தம் செய்துகொள்ளலாம். இவை பெரிய முன்னேற்றங்கள். இவற்றைப் பெற்றுத்தந்தவர்களுக்கு நாங்கள் நன்றியுடையவர்கள்.

ஆனால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதானால், மீறியவர் அரச நிர்வாகத்தின் பெயரில் செயற்பட்டவராக இருக்க வேண்டும். வாடகைக்கு அறை தர மறுக்கும் வீட்டுக்காரரும், கருவாட்டு வாடியில் கூலிக்குச் சேர்க்க மறுக்கும் முதலாளியும், சாப்பாட்டுக் கடையிலிருந்து எழுப்பி அனுப்புபவரும் அந்த வழக்கில் அகப்படமாட்டார்கள். திருநரின் அன்றாடத்தைச் சிதைப்பதோ பெரும்பாலும் இந்த மறுப்புகள்தான். வேலையும் அறையும் கிடைக்காத பிள்ளை ஊரை விட்டுப் போகிறது. போன இடத்திலும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் காத்திருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கானது. உடுத்திய உடைக்காகவே திருநர்மீது அதைப் பாய்ச்சியிருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்பப் பாராளுமன்றம் எடுத்த முயற்சி நின்றுபோயிருக்கிறது. பால்நிலை சமத்துவச் சட்டமூலத்தை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை நாங்கள் வருத்தத்தோடு ஏற்கிறோம். ஒரு சமூகத்தின் பிழைப்பு சர்வசன வாக்கெடுப்பு வரும்வரை காத்திருக்க முடியாது.

அப்படியானால் சபையின் விதியும் அதே தடையில் முட்டாதா? முட்டாது என்பது எங்கள் கருத்து. பால்நிலைக்குப் புதிய வரைவிலக்கணம் எழுதும்படியோ திருமணச் சட்டத்தைத் தொடும்படியோ நாங்கள் கேட்கவில்லை. பிரதேச சபையும் அரச நிர்வாகத்தின் ஓர் அங்கம். 12ஆம் உறுப்புரை இன்றைக்கே அதைக் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே உள்ள கடமையைத் தன் சந்தைக்கும் ஊழியருக்கும் பொருத்தி எழுதிவைப்பதற்கு எவரிடமும் புதிய அதிகாரம் பெற வேண்டியதில்லை. அனுமதிப் பத்திரக்காரர்களைக் கட்டுப்படுத்துவது மட்டும் கூடுதல் வேலை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் அதற்குத் துணைவிதி இயற்ற வேண்டும், மாகாண மட்டத்தில் ஒப்புதல் பெற வேண்டும், வர்த்தமானியில் வெளியிட வேண்டும். வடமேல் மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பின் தேர்தல் நடக்காததால் கோப்பு ஆளுநரிடம் போகும். காலமெடுக்கும். ஆகவே முதலில் சபை தன் சொந்த இடங்களுக்கும் ஊழியருக்கும் பொருந்தும் தீர்மானமொன்றை நிறைவேற்றட்டும். துணைவிதி பின்னால் வரட்டும்.

உள்ளூராட்சி மன்றம் இப்படிச் செய்வது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரசபை 1975இலேயே திருநரையும் காக்கும் விதியை இயற்றியது. எதிர்ப்பு எங்கே கிளம்பும் என்பதும் அந்நாட்டிலிருந்தே தெரிகிறது. ஹூஸ்டன் நகரின் சமவுரிமை விதியை 2015 நவம்பரில் வாக்காளர் தோற்கடித்தனர். பிரசாரம் முழுவதும் பெண்கள் கழிப்பறையைச் சுற்றியே நடந்தது. அந்த அச்சத்தை நாங்கள் இகழவில்லை. பெண்களின் பாதுகாப்பு எங்களுக்கும் முக்கியம். சபை இனிக் கட்டும் கழிப்பறைகளில் சிலவற்றை, வெளியிலிருந்தே நுழையக்கூடிய, உள்ளே பூட்டிக்கொள்ளும் தனி அறைகளாகக் கட்டட்டும். வயதான தாயைத் தாங்கி அழைத்துவரும் மகனுக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே அறை தேவைப்படுகிறது.

மார்க்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இது முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் வாழும் கரை. உடலை மாற்றிக்கொள்வது பற்றி ஆலிம்களிடமும் குருமாரிடமும் வேறுபட்ட கருத்துகள் உண்டு. அதில் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. முஸ்லிம் நாடுகளிலும் இது ஒரே முடிவில் நிற்கவில்லை. பங்களாதேஷ் 2013இல் ஹிஜ்ராக்களைத் தனிப் பாலினமாக ஏற்றது. பாகிஸ்தான் 2018இல் திருநர் உரிமைச் சட்டம் இயற்றியது. அதன் சில பிரிவுகளைக் கூட்டாட்சி ஷரீஆ நீதிமன்றம் 2023இல் செல்லாதவையாக்கியது. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், பசித்து வந்தவருக்குச் சோறு விற்க மறுக்கவும் உழைத்தவரின் கூலியைக் குறைக்கவும் எந்த வேதமும் எங்களுக்கு அனுமதி தந்ததாக நாங்கள் அறியோம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பங்குச் சபைகளும் இதை எங்களோடு சேர்ந்து சொல்ல வேண்டும் என்று கேட்கிறோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் உடுத்த துணியோடு வந்து இறங்கிய பகுதிகளில் இந்தக் குடாநாடும் ஒன்று. தான் யார் என்பதற்காகவே ஒருவர் வாசலை இழப்பது எப்படியிருக்கும் என்று இங்கே பல வீடுகளில் விளக்கத் தேவையில்லை. 2025 மே 6ஆந் திகதி தெரிவான சபை உறுப்பினர்கள் எந்தக் கட்சியினராயினும் அந்த நினைவோடு இந்தக் கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

சபை தீர்மானிக்கும்வரை திருநருக்கும் அவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அரச அலுவலகத்தில், வைத்தியசாலையில், பொலிஸில் உங்களை விலக்கினால் நாளைக் கடத்தாதீர்கள். உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996. முறைப்பாட்டைத் தமிழில் எழுதித்தர எங்கள் அமைப்பு தயாராக இருக்கிறது. காசு வாங்கமாட்டோம், பெயரை வெளியே சொல்லமாட்டோம்.